பிளாட்டினத்தின் உச்சியா, குழியா: சிவதாபுரம் மாடியில் ஐந்து வாரம்

ஒரு வியாழக்கிழமை விடியற்காலை மூன்றே முக்காலுக்கு, மாடி அறைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்த நாலாவது கணக்கும் முடிந்தது. கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு பிளாட்டினம் பரப்பில் எந்த இடத்தில் உட்கார விரும்புகிறது என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு பிளாட்டினம் அணுவின் உச்சியில் நின்றால் 1.64 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்கான அலகு) பலத்தில் ஒட்டுகிறது, மூன்று அணுக்களுக்கு நடுவே இருக்கிற குழியில் நின்றால் 1.77. அதாவது குழி. ஆனால் ஆய்வகத்தில் அளந்து பார்த்தவர்கள், மூலக்கூறுகள் குறைவாக இருக்கும்போது அவை உச்சியில்தான் நிற்கின்றன என்கிறார்கள். எதை மாற்றினாலும் எனக்கு வந்தது குழிதான். இதில் எது என் தப்பு, எது கோட்பாட்டின் தப்பு என்று பிரித்தெடுக்கவே ஐந்து வாரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கீழே அப்பாவும் இன்னும் மூன்று பேரும் வேலை செய்கிறார்கள், மேலே மாடி அறை என்னுடையது. எம்எஸ்சி வேதியியல் படித்தேன், இப்போது பகலில் பட்டறைக் கணக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷனும். பளபளவென்று மெருகு போட்டுக் கொடுத்த கொலுசு சில மாதத்தில் கறுத்துத் திரும்பி வரும், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கொடுப்போம். அப்படி ஒரு ஜோடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பா கேட்டார்: "ஏன் கண்ணு, வெள்ளி கறுக்குது, சொக்கத் தங்கம் கறுக்க மாட்டேங்குது. உம் படிப்புல இதுக்கு என்ன சொல்றாங்க?" புத்தகத்தில் இருக்கிற பதிலைச் சொன்னேன், காற்றில் இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியைப் பிடித்து வெள்ளி சல்ஃபைடு ஆக்குகிறது, அதுதான் கறுப்பு என்று. "அது சரி, தங்கத்த ஏன் புடிக்கல?" என்றார். அதற்கு என்னிடம் உருப்படியான பதில் இல்லை.

பரப்புக் கவர்தல் பற்றிய கோட்பாடுகள் எல்லாமே கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன. ஒரு வாயு ஒரு உலோகத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும், ஏன் இந்த உலோகத்தில் ஒட்டி அந்த உலோகத்தில் ஒட்டவில்லை. கார் புகைக்குழாய் வினையூக்கியில் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருப்பதும் இதனால்தான். நேராகக் கந்தகத்தில் இறங்காமல், உலகமே கணக்குப் போட்டுப் பார்த்த கார்பன் மோனாக்சைடு, பிளாட்டினம் ஜோடியில் கை பழகிக்கொள்ளலாம், விடை தெரிந்த கணக்கு என்பதால் என் தப்பு உடனே தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

மெஷின் விவரம். பழைய எட்டு கோர் ரைசன், போர்டு, 32 ஜிபி ராம் சேர்த்து 24,000 ரூபாய். கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் 4,300, எஸ்எஸ்டி 3,200, யுபிஎஸ் 3,400, பிளக்கில் செருகி வாட் பார்க்கிற சின்ன மீட்டர் 850. இதோடு முடிந்தது என்று நினைத்தால், முதல் வாரம் ராத்திரியில் ப்ரோகிராம் காரணமே இல்லாமல் செத்துச் செத்து விழுந்தது. நான் என் இன்புட் ஃபைலைத்தான் மூன்று நாள் சந்தேகப்பட்டேன். கடைசியில் மெம்டெஸ்ட் போட்டால் ஒரு ராம் குச்சி கெட்டது. வாங்கின கடையில் மாற்றித் தரவில்லை, இன்னொரு 2,600. பழைய சாமான் வாங்கினால் முதல் ராத்திரி மெம்டெஸ்ட் ஓடவிட்டுத் தூங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மென்பொருள் குவான்டம் எஸ்பிரஸ்ஸோ, இலவசம். வெளி எலெக்ட்ரான்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட உதவுகிற, அணுக்களுக்கான சூடோபொட்டென்ஷியல் ஃபைல்களும் இலவசம்தான். எட்டு கோரில் பதினாறு திரெட் இருக்கிறதே என்று பதினாறு ப்ராசஸ் போட்டு ஓட்டினேன், அதோடு ஒவ்வொரு ப்ராசஸும் தனியாக திரெட் கிளப்பிக்கொண்டு ஒன்றையொன்று மிதித்தன. ஒரு கணக்குக்கு 31 மணி நேரம். ப்ராசஸ் எட்டு, திரெட் ஒன்று, கே புள்ளிகளை (எலெக்ட்ரான் நிலைகளைக் கணக்கிடுகிற மாதிரிப் புள்ளிகளை) நாலு குழுவாகப் பிரித்து ஓட்டியபோது அதே கணக்கு 14 மணி நேரத்தில் முடிந்தது.

முதல் கட்டம், வெறும் பிளாட்டினம். அணுவலையின் அளவைக் கண்டுபிடிப்பது. பரிசோதனையில் 3.92 ஆங்ஸ்ட்ராம். நான் பயன்படுத்தியது, எலெக்ட்ரான்களின் ஆற்றலைக் கணக்கிட பிபிஇ என்ற, 1996-ல் வந்த தோராயம், அது கொஞ்சம் பெரிதாக, 3.97 என்று கொடுத்தது. இங்கே ஒரு தப்பான முடிவு எடுத்தேன். உண்மையான அளவுதான் தெரியுமே, அதையே போட்டுவிடலாம் என்று 3.92 வைத்தே பரப்பைக் கட்டினேன். அதன் விளைவு பின்னால் வருகிறது.

இரண்டாவது தப்பு கட்டாஃப், அதாவது எலெக்ட்ரான் அலைகளை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கில் எடுப்பது என்கிற ஆற்றல் எல்லை, ரிட்பெர்க் என்ற அலகில். அலைச்சார்புக்கு 30 ரிட்பெர்க் கொடுத்துவிட்டு அடர்த்திக்கு எதுவும் கொடுக்காமல் விட்டேன். கொடுக்காவிட்டால் ப்ரோகிராம் தானாகவே நாலு மடங்கு, அதாவது 120 எடுத்துக்கொள்ளும். என்னிடம் இருந்தது அல்ட்ராசாஃப்ட் வகை ஃபைல், அதற்கு 120 போதாது. அணுக்கள் மேல் விசை ஒரு படியில் குறையும், அடுத்த படியில் கூடும், அடங்கவே அடங்காது. 40-க்கும் 320-க்கும் ஏற்றிய பிறகுதான் நிதானத்துக்கு வந்தது.

இந்தக் கணக்குகளில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் கழித்தல்தான். பலகையும் (பரப்பாக நான் கட்டிய உலோக அடுக்குகள்) மூலக்கூறும் சேர்ந்த ஆற்றலில் இருந்து வெறும் பலகையையும் தனி மூலக்கூறையும் கழிக்க வேண்டும். மூன்று பெரிய எண்கள், நமக்கு வேண்டியதோ கடைசி தசமத்தில் இருக்கிற சின்ன மீதி. பத்து கிலோ வெள்ளிக் கட்டியோடு ஒரு கொலுசுத் திருகை வைத்து நிறுத்து, அப்புறம் கட்டியை மட்டும் நிறுத்து, கழித்துத் திருகின் எடையைச் சொல்வது மாதிரி. நம் மூன்று எண்களுக்கும் அதே தராசு, அதே தட்டு. ஒரு தடவை மூலக்கூறை மட்டும் பழைய 30 கட்டாஃபில் விட்டிருந்தேன், விடை தலைகீழாகப் போனது.

பலகை: நாலு அடுக்கு, அடுக்குக்கு நாலு அணு, மொத்தம் 16 பிளாட்டினம். கீழ் இரண்டு அடுக்கை ஆடாமல் பிடித்துவைத்து மேல் இரண்டையும் மூலக்கூறையும் விட்டேன். உச்சி, பாலம் (இரண்டு அணுக்களுக்கு நடுவே), இரண்டு வகைக் குழி, ஆக நாலு இடம், இடத்துக்கு ஒரு ராத்திரி. இதில் ஒருநாள் எங்கள் பகுதியின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, ஈபி அறிவிப்பைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். யுபிஎஸ் இருபது நிமிஷம்தான் தாங்கியது, 11 மணி நேர வேலை போயிற்று. முழுக்கப் போகவில்லை, அவுட்புட் ஃபைலில் கடைசியாக எழுதியிருந்த அணு இருப்பிடங்களை எடுத்துப் புதிய இன்புட்டில் ஒட்டித் தொடர்ந்தேன். அதன்பிறகு நேர வரம்பு கொடுத்துத் தானாக நின்று மறுபடி தொடர்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் உச்சிக்கு 1.55 வந்தது. பிபிஇ வைத்து மற்றவர்கள் போட்ட கணக்குகளைவிடக் குறைவாகப் பட்டது. காரணம் அந்த 3.92. பிபிஇ-யின் கணக்கில் பிளாட்டினத்தின் இயல்பான அளவு 3.97, அதை நான் எல்லாப் பக்கமும் நெருக்கி அமுக்கி வைத்திருந்தேன். அமுக்கினால் அணுக்களின் டி ஆர்பிட்டால்கள் ஒன்றோடொன்று அதிகமாகக் கலக்கும், அவற்றின் ஆற்றல்கள் பரவியிருக்கிற டி பட்டை அகலமாகும், அதன் மையம் கீழே இறங்கும், ஒட்டும் பலம் குறையும். 1998-ல் மவ்ரிகாகிஸ், ஹேமர், நோர்ஸ்கோவ் மூவரும் எழுதியது இதைத்தான்: இழுத்தால் பரப்பு சுறுசுறுப்பாகும், அமுக்கினால் மந்தமாகும். படித்தபோது தலையில் ஏறாதது, என் கையால் கெடுத்த பலகையில் 0.09 எலெக்ட்ரான் வோல்ட் வித்தியாசமாகக் கண்முன் வந்தபோது நன்றாகவே ஏறியது. பலகையை 3.97-ல் திரும்பக் கட்டினேன். உச்சி 1.64. குழி 1.77.

இங்கிருந்துதான் நான் வீணாக்கிய மூன்று வாரம். குழி வரக்கூடாதே. கே புள்ளிகளை நாலுக்கு நாலில் இருந்து ஆறுக்கு ஆறு, எட்டுக்கு எட்டு என்று கூட்டினேன். எண்கள் 0.03 அசைந்தன, வரிசை மாறவில்லை. அடுக்கை ஐந்தாக்கினேன், ஒரு கணக்கு 22 மணி நேரம் ஆனது, வரிசை மாறவில்லை. மேலே விட்டிருந்த வெற்றிடத்தை 10-ல் இருந்து 15 ஆங்ஸ்ட்ராம் ஆக்கினேன், பலகையின் ஒரு பக்கம் மட்டும் மூலக்கூறு இருப்பதால் வரும் மின்புலப் பிசகைச் சரிசெய்கிற இருமுனைத் திருத்தம் போட்டேன். குழி, குழி, குழி. மே மாத வெயிலில் மாடி அறை ராத்திரி பதினொரு மணிக்கும் அனலாக இருக்கும், கேபினெட் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை மெஷினுக்குத் திருப்பி வைத்துவிட்டு நான் வராந்தாவில் படுத்தேன்.

அப்புறம்தான் 2001-ல் வந்த ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. ஃபைபெல்மன், ஹேமர், நோர்ஸ்கோவ், ஷெஃப்லர் என்று பல குழுக்களைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து எழுதியது, தலைப்பிலேயே இதைப் புதிர் என்கிறார்கள். வேறு வேறு மென்பொருள், வேறு வேறு முறை, எல்லோருக்கும் குழிதான் வந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அதே சமயம், கணக்கைத் தொடங்கும் முன்பே இதைத் தேடியிருக்க வேண்டும்.

ஏன் குழி என்பதற்கு பிளைஹோல்டர் 1964-ல் சொன்ன படம்தான் அடிப்படை. கார்பன் பக்கம் இருக்கிற 5 சிக்மா ஆர்பிட்டால் உலோகத்துக்கு எலெக்ட்ரான் கொடுக்கும், உலோகம் திருப்பி மூலக்கூறின் காலியான 2 பை ஸ்டார் ஆர்பிட்டாலுக்குக் கொடுக்கும். அது எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால் என்பதால், வாங்க வாங்க கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே உள்ள பிணைப்பு தளரும். என் ஃபைல்களிலேயே இது தெரிந்தது: தனி மூலக்கூறில் அந்த நீளம் 1.14 ஆங்ஸ்ட்ராம், உச்சியில் 1.16, குழியில் 1.19. மூன்று அணுக்கள் சேர்ந்து கொடுக்கிற குழியில்தான் திருப்பிக் கொடுப்பது அதிகம். பிபிஇ மாதிரியான தோராயங்கள் அந்தக் காலி ஆர்பிட்டாலை இருக்க வேண்டியதைவிடக் கீழே வைத்துவிடுகின்றன. கீழே இருந்தால் உலோகத்தின் எலெக்ட்ரான் சுலபமாக ஏறிவிடும், திருப்பிக் கொடுப்பது மிகையாகும், அந்த மிகையின் லாபம் முழுக்கக் குழிக்குப் போகும். 2003-ல் கிரெஸ், கில், சோதே ஆகியோர் அந்த ஆர்பிட்டாலை மட்டும் வேண்டுமென்றே மேலே தள்ளிப் பார்த்தபோது உச்சி ஜெயித்தது. இந்தப் புதிரில் எனக்கு மனசு நிறைந்த இடம் இதுதான். தப்பு எங்கோ பொதுவாக இல்லை, இன்ன ஆர்பிட்டாலில் என்று கைவைத்துக் காட்ட முடிகிறது.

ஹேமர் குழு 1999-ல் கொடுத்த ஆர்பிபிஇ தோராயத்திலும் ஓட்டினேன். உச்சி 1.34, குழி 1.39. மிகை ஒட்டல் நன்றாகவே குறைந்தது, இடைவெளி 0.13-ல் இருந்து 0.05 ஆனது, ஆனாலும் குழி. 2010-ல் ஆர்பிஏ என்ற உயர்ந்த முறையில் சரியான இடமே வந்திருக்கிறது, ஆனால் அது என் 32 ஜிபிக்குள் அடங்குகிற வேலை இல்லை. இதோடு இடத்தைப் பற்றிய கேள்வியை நிறுத்திக்கொண்டேன்.

சரி, வெள்ளிக்கு வருவோம். அதே நாலு அடுக்கு, அதே அமைப்பு. கார்பன் மோனாக்சைடு வெள்ளியில் 0.13 எலெக்ட்ரான் வோல்ட், ஒட்டினது மாதிரியும் இல்லை, ஒட்டாதது மாதிரியும் இல்லை. பிளாட்டினத்தில் பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு. இவ்வளவு பெரிய வித்தியாசம் எந்தத் தோராயத்தைப் போட்டாலும் மறையாது, உச்சி, குழி மாதிரி 0.1 சுற்றுவட்டத்தில் நடக்கிற சண்டை இல்லை இது. இந்த முறையை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பது எனக்குப் பிடிபட்டது இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான்.

காரணம் தேட, ஹேமர், நோர்ஸ்கோவ் 1995-ல் சொன்ன டி பட்டை மாடலை எடுத்துக்கொண்டேன். பரப்பு அணுவின் டி எலெக்ட்ரான் பட்டையின் சராசரி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அது ஃபெர்மி மட்டத்துக்கு (எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கிற உச்ச ஆற்றலுக்கு) அருகில் இருந்தால், மூலக்கூறோடு கலக்கும்போது உண்டாகிற எதிர்ப்பிணைப்பு நிலைகள் ஃபெர்மி மட்டத்துக்கு மேலே போய்க் காலியாக இருக்கும், பிணைப்பு பலமாகும். ஆழத்தில் இருந்தால் அவையும் நிரம்பிவிடும், லாபம் போய்விடும். இந்த எண்ணை எடுக்கும்போதும் இரண்டு முறை வழுக்கினேன். அவுட்புட்டில் இருக்கிற ஆற்றல் அச்சில் ஃபெர்மி ஆற்றலைக் கழிக்காமல் விட்டேன், பிளாட்டினத்துக்கு நேர்க்குறி எண் வந்தது. அடுத்து, 16 அணுக்களையும் சேர்த்துச் சராசரி போட்டேன். வேண்டியது மேல் அடுக்கு மட்டும். உள்ளே இருக்கிற அணுவுக்குப் பக்கத்து அணுக்கள் 12, பரப்பில் 9, அதனால் பரப்பில் பட்டை குறுகி மையம் மேலே வரும். திருத்திய பிறகு, எலெக்ட்ரான் வோல்ட்டில், பிளாட்டினத்துக்கு மைனஸ் 2.4, வெள்ளிக்கு மைனஸ் 4.2, தங்கத்துக்கு மைனஸ் 3.5. ஹேமர், நோர்ஸ்கோவ் அட்டவணையில் முறையே மைனஸ் 2.25, 4.30, 3.56. எந்த ஆற்றல் வரை கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து 0.1, 0.2 ஆடும், பரவாயில்லை.

எண்களைப் பார்த்ததும் எனக்கு உதைத்தது. தங்கம் மைனஸ் 3.5, வெள்ளி மைனஸ் 4.2. மையம் மட்டுமே முடிவு செய்வதாக இருந்தால் தங்கம்தான் வெள்ளியைவிட அதிகம் ஒட்ட வேண்டும், தங்கம்தான் முதலில் கறுக்க வேண்டும். நேரே பார்த்துவிடலாம் என்று ஒரு ஆக்சிஜன் அணுவை இரண்டின் மேலும் வைத்து ஓட்டினேன். கறுப்புக்குக் காரணம் ஆக்சிஜன் இல்லை, கந்தகம்தான், ஆனால் ஆக்சிஜன் எனக்குச் சுலபம். வெள்ளியில் நன்றாக ஒட்டியது. தங்கத்திலும் 0.37 எலெக்ட்ரான் வோல்ட் லாபத்தோடு ஒட்டியது! காலையில் காபி குடிக்கும்போது அப்பாவிடம் சொன்னேன், கணக்குப்படி தங்கமும் ஆக்சிஜனைப் பிடிக்கிறதுப்பா என்று. டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நாப்பது வருஷமா மூசையில உருக்கறேன் கண்ணு, நெருப்புல போட்டாலும் சொக்கத் தங்கம் அப்படியேதான் வரும். நீ கணக்கத் திருப்பிப் பாரு."

திருப்பிப் பார்த்தேன். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு எலெக்ட்ரான்கள் ஜோடி சேராமல் இருக்கும் என்று டியூஷனில் நானே போர்டில் வரைகிறேன், ஆனால் இன்புட்டில் ஸ்பின்னைப் போட மறந்திருந்தேன். அதனால் தனி ஆக்சிஜனின் ஆற்றல் ஒரு அணுவுக்கு அரை எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் பிசகி, எந்த உலோகத்தில் வைத்தாலும் லாபம் மாதிரி காட்டியது. ஸ்பின்னோடு ஓட்டியதும் வெள்ளியில் 0.4 லாபம், தங்கத்தில் 0.18 நஷ்டம். அப்பா சொன்னபடி.

அப்படியானால் மையம் மேலே இருந்தும் தங்கம் ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு அதே ஹேமர், நோர்ஸ்கோவ் 1995-ல் நேச்சர் இதழில் பதில் எழுதியிருக்கிறார்கள். தங்கத்தின் 5டி ஆர்பிட்டால் வெள்ளியின் 4டி-யைவிட அகலமாக விரிந்தது. அட்டவணையில் தாமிரத்தை 1 என்று வைத்தால் கலப்பின் வலிமை வெள்ளிக்கு 2.26, தங்கத்துக்கு 3.35. இரண்டிலும் டி பட்டை நிரம்பியிருக்கிறது, அதனால் கலப்பில் லாபம் இல்லை, நிரம்பிய ஆர்பிட்டால் நிரம்பிய ஆர்பிட்டாலை நெருங்கும் தள்ளல்தான் மிஞ்சும். கலப்பு அதிகமான தங்கத்தில் அந்தத் தள்ளலும் அதிகம். பிளாட்டினத்துக்கு இந்த எண் 3.90, தங்கத்தைவிடக்கூட அதிகம், ஆனால் அங்கே டி பட்டையில் இடம் காலி இருப்பதால் அதே வலிமை பிணைப்பாக மாறுகிறது. மையத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறவர்கள் தங்கத்தையும் வெள்ளியையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், நான் அந்த அவசரத்தில்தான் இருந்தேன்.

மொத்தச் செலவு 38,350 ரூபாய். ஐந்து வாரத்தில் வாட் மீட்டரில் 61 யூனிட், நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் கோடையில் எங்கள் வீட்டு இரண்டு மாத பில் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டித்தான் ஓடும், தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை தொடங்கும்போது பழைய கட்டுரைகளில் இந்தக் கணக்குக்குத் தெரிந்த குறைகள் என்னென்ன என்று இரண்டு நாள் உட்கார்ந்து தேடுவேன், அணுவலை அளவைப் பயன்படுத்துகிற தோராயத்திலேயே எடுப்பேன், வாயு மூலக்கூறுகளை முதலில் தனியாக ஓட்டி ஸ்பின், பிணைப்பு நீளம் எல்லாம் சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டுத்தான் பலகையைத் தொடுவேன். ஐந்து அடுக்கு தேவையே இல்லை, நாலு போதும். பிபிஇ, ஆர்பிபிஇ இரண்டிலும் ஓட்டி, இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் வாயைத் திறப்பேன்.

கந்தகம் நேற்று ராத்திரி ஏறியிருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறு தனியாக முடிந்துவிட்டது, வெள்ளிப் பலகையின் குழியில் கந்தக அணு இப்போது ஒன்பதாவது படியில் ஓடுகிறது, அடுத்தது தங்கம். எங்கள் கொலுசு சுத்த வெள்ளியும் இல்லை, டச் (வெள்ளியின் சுத்தம்) குறையக் குறையத் தாமிரம் இருக்கிறது, அதனால் 16-ல் ஒரு அணுவைத் தாமிரமாக மாற்றியும் ஒன்று ஓட்ட வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.